யாரைக் கேட்டார்கள்?

பாலஸ்தீனியருக்குத் தனிநாடு வேண்டுமா என்று அமெரிக்க மக்களிடம் கேலப் நிறுவனம் பல ஆண்டுகளாக வினவி வருகின்றது. அவ்விடைக்கு வாஷிங்டனில் மதிப்புண்டு. ஆனால் குண்டு விழுவது விடை சொல்வோரின் முற்றத்தில் அன்று.

நம் நாட்டிலும் இஃதொத்த நிலை இருந்தது. கொழும்பிலுள்ள மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2001இல் சமாதானம் பற்றிய மக்கள் கருத்தை அளக்கத் தொடங்கியது. நன்முயற்சியே. எனினும், போர் காரணமாக வடக்கும் கிழக்கும் தொடக்கக் கணிப்புகளில் அடங்கவில்லை.

மன்னார்க் கரையிலுள்ள வங்காலையை எண்ணிப் பார்ப்போம். 1985 ஜனவரி 6இல் தன் பங்குத்தந்தை மேரி பஸ்தியான் அடிகளாரைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த ஊர் அது. 2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 2008 ஜனவரியில் அரசு அதிலிருந்து விலகிற்று. அவ்வுடன்படிக்கை ஏட்டளவில் நிலவிய 2006 ஜூனில், அவ்வூரில் தாய், தந்தை, இரு பிள்ளைகள் என ஒரு குடும்பமே கொல்லப்பட்டது. சமாதானத்தின் விலையை அவ்வூராரினும் நன்கறிந்தார் யாவர்?

ஆதலின் மாணவர்களே, நூற்றுக்கு இத்தனை பேர் என்னும் கணக்கைக் காணுந்தோறும், யாரைக் கேட்டார்கள் என்பதோடு யாரைக் கேட்கவில்லை என்பதையும் நாம் வினவுவோமாக.