பாட்டுக் கேட்பவர் கடன்

ஓசூரை அடுத்த சானமாவுக் காப்புக்காட்டுக்கு, கேழ்வரகு முற்றும் பருவத்தில், கர்நாடக எல்லை வனங்களிலிருந்து தேன்கனிக்கோட்டைப் பக்கமாக யானைக் கூட்டங்கள் வந்து சேர்வதும், அவை விளைச்சலில் இறங்கிவிடாதபடி சுற்றுக் கிராமத்துக் குடியானவர்கள் இரவெல்லாம் உறக்கமின்றிக் காத்திருப்பதும் நெடுநாளாக நடந்துவரும் விஷயம். இப்போது அந்த வட்டாரத்தில் இரவில் விழித்திருப்பவர்கள் வேறு சிலரும் உண்டு. திம்ஜேப்பள்ளி ஊராட்சிப் பகுதியில் எழுந்திருக்கும் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனுக்கான பாகங்களைச் செய்யும் பல்லாயிரம் பேர் ஷிப்ட் முறையில் உழைக்கிறார்கள். அவர்களுள் மிகுதியானோர் இளம்பெண்கள். தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து மட்டுமல்லாமல், ஜார்க்கண்ட் முதலிய தொலைதூர மாநிலங்களிலிருந்தும் வந்து விடுதிகளில் தங்கியிருப்பவர்கள்.

அவர்கள் கைபட்ட சாதனமே இன்று நமக்கு வானொலியும் இசைத்தட்டும் சபா மண்டபமும் ஆகிவிட்டது. விடியற்காலையில் சுப்ரபாதம் கேட்பவரும், பேருந்தில் காதுக்கருவியைப் பொருத்திக்கொண்டு இளையராஜாவின் இசையில் லயித்திருப்பவரும் கைப்பேசியின் வழியாகவே கேட்கிறார்கள். சங்கீதம் மனத்தை இளக்கிப் பிறர் துயரை உணரச் செய்யும் என்று பெரியோர் சொல்லிவந்திருக்கிறார்கள். நானும் அதை மனப்பூர்வமாக நம்புகிறவன். அப்படி நம்புகிற ஒருவனுக்கு, தன் செவிக்கு அந்த இன்பத்தைக் கொண்டுவந்து சேர்த்த கைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று விசாரிக்கும் பொறுப்பு, கடையில் விலையைக் கொடுத்ததோடு தீர்ந்துபோவதில்லை என்பதே நான் சொல்ல வந்தது.

இந்தச் சிந்தனை சானமாவுப் பக்கத்துக்கு அந்நியமானதன்று. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி அங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை. 1966 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது, அணு ஆயுத அச்சம் உலகை வாட்டிய அந்நாளில், பாவங்களைப் பொறுத்தருளுமாறு இறைவனை வேண்டும் ஆங்கிலப் பாட்டொன்றை ராஜாஜி இயற்றித் தந்திருந்தார். பழியை ஆயுதம் செய்தவர் தலையில் சுமத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ளாமல், மனிதர் எல்லோருக்கும் பொதுவான குற்றமாக ஏற்றுக்கொண்டு மன்னிப்புக் கேட்ட பாட்டு அது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1963இல், வெளிவந்த வேங்கடேச சுப்ரபாத இசைத்தட்டின் உரிமைத்தொகை திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்குப் போய்ச் சேரும்படி எம்.எஸ். ஏற்பாடு செய்தார். இசைத்தட்டு அக்காலத்தின் நவீன சாதனம். அது வீடுதோறும் நுழைந்து ஈட்டித் தந்த பொருள் எங்கே போகவேண்டும் என்பதைப் பாடியவர் யோசித்துத் தீர்மானித்தார். அந்தத் தட்டின் குரலை இன்று கைப்பேசியில் கேட்கும் நாம், கருவி எங்கிருந்து, யாருடைய பிரயாசையால் வந்தது என்றாவது யோசிக்க வேண்டாமா?

யோசிக்கத் தூண்டும் நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. 2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பாக்ஸ்கான் ஐபோன் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் கெட்ட உணவை உண்டு 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழியரின் கதி தெரியாமல் கலங்கிய பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையிலேயே அமர்ந்துவிட்டார்கள். அதன் பிறகுதான், தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் உரிய தரத்தில் இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2025 நவம்பரில் ஓசூர்ப் பகுதியிலேயே, டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையின் பெண்கள் தங்கும் விடுதியொன்றின் குளியலறையில் ரகசியக் கேமரா வைக்கப்பட்டிருந்தது தெரியவந்து, அவர்கள் இரவில் திரண்டு போராடினார்கள். உலகத்தார் படம் எடுத்து மகிழும் கருவிக்கு உறுப்புகளைச் செய்துகொடுக்கும் பெண்கள், தாங்கள் குளிக்கும் இடத்திலேயே ஒரு கேமராவுக்கு அஞ்ச நேர்ந்ததை நினைக்கும்போது என் மனம் ஆறுவதில்லை.

நுகர்வோன் ஒருவன் இவற்றுக்கு எப்படிப் பொறுப்பாவான் என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். பொருளைப் பகிஷ்கரிக்கச் சொல்லவில்லை. பகிஷ்கரித்தால் முதலில் வேலை இழப்பவர்கள் அந்தப் பெண்களே. வீட்டுக்குப் பணம் அனுப்பவும், சொந்தக் காலில் நிற்கவும் அந்தச் சம்பளம் அவர்களுக்கு வழி செய்திருக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் செப்டம்பரில் புதிய ஐபோன் வந்தாகவேண்டும், பழையதில் பாட்டு நன்றாகவே கேட்டாலும் அதைக் கழித்துவிட்டுப் புதியதை வாங்கியாகவேண்டும் என்ற நம் அவசரம், ஆலையில் உற்பத்தி இலக்காகவும் ஓய்வற்ற ஷிப்டாகவும் உருமாறிப் போய்ச் சேருகிறது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் திரும்பப் பெறப்பட்டதை நாம் இதற்குள் மறந்திருக்க மாட்டோம். பழுதான கைப்பேசியைச் சரிசெய்து இன்னும் சில ஆண்டுகள் வைத்துக்கொள்வது சிறு காரியமாகத் தோன்றலாம். எனக்கு அது அந்த அவசரத்துக்குத் துணைபோக மறுப்பதாகவே படுகிறது.

அதைவிடப் பெரிய காரியம், விசாரிப்பது. ஸ்ரீபெரும்புதூர்ப் பெண்கள் சாலைக்கு வந்ததை உலகம் பார்த்ததால்தான் நிறுவனம் அசைந்தது. 2024 ஆகஸ்டில், அதே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம், வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகத்தை அரசு திறந்ததும் அந்தப் படிப்பினைக்குப் பின்னரே. ஓசூர் வட்டாரத்திலும், தனியார் கட்டடங்களில் விடப்பட்டிருக்கும் பெண்களுக்கு அரசின் மேற்பார்வையில் அத்தகைய தங்குமிடங்கள் எழவேண்டும். விடுதிகளைச் சோதித்த அதிகாரிகளின் அறிக்கை, தமிழிலும் ஹிந்தியிலும், அந்தந்த விடுதியின் வாசலிலேயே ஒட்டப்படவேண்டும். அந்த அறிக்கையைப் பத்திரிகைகள் கேட்டு வாங்கி வெளியிடவேண்டும்.