விழாச் சலுகையா, நீதியா?

1997 ஜூன் 30. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் மதுரையிலிருந்து பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். வழிமறித்த கும்பல் அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிச் சாய்த்தது. அவர் தலையைத் துண்டித்துத் தூக்கிச் சென்றது. தலித் ஒருவர் தலைவர் நாற்காலியில் அமர்ந்ததை அவர்களால் பொறுக்க முடியவில்லை.

17 பேருக்கு ஆயுள் தண்டனை. அண்ணா நூற்றாண்டையொட்டி 2008-இல் 3 பேர் வெளியே வந்தார்கள், எம்.ஜி.ஆர். நூற்றாண்டின் பெயரால் 2019-இல் 13 பேர்.

மக்கள் கொதித்ததில் வியப்பில்லை. திருந்திய கைதியை விடுவிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு, அது இருக்கவும் வேண்டும். ஆனால் சாதிவெறிக் கூட்டுக்கொலை செய்தவர்களை விடுவிக்கத் தலைவர்களின் பிறந்தநாளா காரணம்? இத்தகைய குற்றங்களை விழாக்கால விடுதலையிலிருந்து அரசு முற்றாக விலக்க வேண்டும். எந்த முன்விடுதலைக்கும் முன்பு, உறவைப் பறிகொடுத்த குடும்பத்தின் கருத்தைக் கேட்டே ஆக வேண்டும்.