பாலாற்றுக்கு இரண்டு வனவியல் பணியிடங்கள்

இந்திய வேளாண் ஆராய்ச்சி மன்றத்தின் ஆறாவது டீன்கள் குழு வகுத்த பாடத்திட்டம் 2024-25 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. முதலாண்டோடு விலகினால் சான்றிதழ், இரண்டாமாண்டோடு விலகினால் டிப்ளமா, நான்காண்டும் முடித்தால் பி.எஸ்சி. (ஆனர்ஸ்) வனவியல். இந்த இதழின் நிலை என்ன என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். திறன் மேம்பாட்டுப் பாடங்களை வரவேற்கிறோம், இடைவிலகலை எதிர்க்கிறோம். இந்திய வனப்பணித் தேர்வை விலங்கியல், வேதியியல், பொறியியல் படித்தவர்களும் எழுதலாம். வனவியல் முழுப் பட்டத்துக்கே அங்கே தனி மதிப்பில்லாதபோது, ஓராண்டுச் சான்றிதழோடு ஒரு பிள்ளை எந்த வாசலில் போய் நிற்கும்? சவுக்கே வெட்டுக்கு வர மூன்று, நான்கு ஆண்டு ஆகிறது. நட்டதை வெட்டும்வரை பார்க்காதவரை நாம் வனவியலாளர் என்று சொல்வதில்லை.

பாடத்தைவிட ஆள்தான் பெரிய கேள்வி. கோவையில் 1985இல் வனவியல் பட்டப்படிப்பு தொடங்கியது. 1990இல் கல்லூரி மேட்டுப்பாளையத்துக்குப் போனது. அந்தத் தொடக்க காலத்தில் சேர்ந்த ஆசிரியர் தலைமுறை விடைபெறும் காலம் இது. காலியாகும் இடங்களைப் பழைய தலைப்பிலேயே நிரப்புவதா, புதுத் தேவைக்கு மாற்றுவதா என்று இப்போது எடுக்கும் முடிவு அடுத்த முப்பது ஆண்டுக்கு நிற்கும்.

தைலமரம், சவுக்கு, மலைவேம்பு என்று குளோன் நாற்று கொடுத்து, காகித ஆலையையும் பிளைவுட் ஆலையையும் விவசாயியோடு ஒப்பந்தத்தில் சேர்த்த பெருமை மேட்டுப்பாளையத்துக்கு உண்டு. தோலுக்கு அப்படி யார் செய்தார்கள்? ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு தொழில் எழுந்ததே ஆவாரம்பட்டையிலும் கொன்றைப்பட்டையிலும் கடுக்காயிலும்தான். 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. குரோம் பதனிடல் பெருகியது. பட்டைச் சந்தை படுத்தது. தோலுக்கு அடையாற்றில் 1948 முதல் மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பட்டையிலும் காயிலும் இருந்து தோலைப் பதப்படுத்தும் டேனினைப் பற்றி, மரத்தின் பக்கம் நின்று பேச ஒரு துறை இல்லை. தோல் தொழிலுக்காக நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வளர்த்த வாட்டில் மரத்தை இன்று அந்நியக் களை என்று அப்புறப்படுத்துகிறோம். ஜவ்வாது மலையில் கடுக்காய் பொறுக்குகிறவருக்கு எந்த மரத்தில் டேனின் கூடுதல் என்று சொல்ல ஆளில்லை.

நிலத்தின் கதை இன்னும் கொடுமை. கணியம்பாடியிலிருந்து வடக்கே பாலாற்றங்கரைக்குப் போய், தோல் ஆலைக் கழிவுநீர் பாய்ந்த வயலில் கோடையில் ஒரு குழி எடுத்துப் பாருங்கள். மேலே சுண்ணாம்பு பூசியதுபோல் உப்புப் பொருக்கு. புங்கன் கன்று நட்டால் முதலில் இலை விளிம்பு கருகும், பிறகு நுனிக்குருத்து காயும். இரண்டாம் கோடையைத் தாண்டுவது சில கன்றுகளே. எந்த விதை மூலம் தாண்டும், குழியில் எதை இட்டால் தாண்டும், எத்தனை ஆண்டில் மண் திரும்பும்? இவற்றை மேட்டுப்பாளையத்து நல்ல மண்ணில் கற்றுத்தர முடியாது.

தோல் ஆலை மாசை எதிர்த்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. 2025 ஜனவரி 30இல் அதே நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றை மீட்கச் சொல்லி, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க உத்தரவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் வேலூர் மாவட்டம் மூன்றானது, ஆட்சியர் அலுவலகங்களும் மூன்றாயின. உப்பேறிய இந்த மண்ணில் காடு வளர்க்கவென்று ஒரு பணியிடம் வரவில்லை. ஒரு தலைமுறை முழுக்க மனு கொடுத்திருக்கிறோம். ஆற்றை மீட்கிறோம் என்று நீதிமன்றத்தில் சொல்லும் அதிகாரிகள், மீட்கும் வேலையைச் செய்யப்போவது யார் என்று ஒருநாளாவது யோசித்தார்களா?

விரிஞ்சிபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாலாறு பக்கத்திலேயே ஓடுகிறது. அங்கே வனவியலுக்கு இரண்டு நிரந்தரப் பணியிடங்கள் கேட்கிறோம்: ஒன்று உப்பு நில மரவளர்ப்புக்கு, மற்றொன்று மரமல்லா வனப்பொருளுக்கு. நான்காமாண்டு மாணவர்கள் எலக்டிவாக எடுத்து ஒரு பருவம் அங்கேயே தங்கிப் படிக்கட்டும். நிதி இல்லை என்ற பதிலை இனி ஏற்க மாட்டோம். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்று 1996 தீர்ப்பே சொல்லிவிட்டது. அந்தப் பணத்திலிருந்து இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுங்கள்.