காற்று நம்முடையது, மின்கலன்?

தூத்துக்குடி அருகே சில்லாநத்தத்தில் வின்ஃபாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டபோது, 1961-இல் சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான் என் நினைவுக்கு வந்தது. இங்கிலாந்துப் பாகங்களைப் பூட்டுவதில் தொடங்கிய அந்தக் கார், படிப்படியாக உள்நாட்டுப் பாகங்களுக்கு மாறியது. அன்று காரின் உயிர் என்ஜினில் இருந்தது. வார்ப்பாலையும் லேத்தும் கொண்டே அதன் பல பாகங்களைச் செய்துகொண்டோம். மின்காரில் விலை மிகுந்த பாகம் பேட்டரி. அதன் மின்கலன்கள் பெருமளவு இறக்குமதியாகின்றன. துறைமுகம் அருகிலிருப்பது ஏற்றுமதிக்கு வசதி என்கிறார்கள். இறக்குமதிக்கும் அதே வசதிதான்! கயத்தாற்றுக் காற்றாலைகளின் மின்சாரத்தில் இக்கார்கள் ஓடலாம். ஆனால், கயத்தாற்று நெடுஞ்சாலையோர மெக்கானிக் இவற்றைப் பழுதுபார்க்க எங்கே பயில்வார்? நிலமும் சலுகையும் தரும் அரசு, உள்நாட்டு மின்கலன் உற்பத்திக்கும் ஐடிஐ பயிற்சிக்கும் காலக்கெடுவை எழுத்தில் பெற வேண்டும்.