கம்பத்தில ஏறுறது ஆர்?



இந்த வார எபிசோடில ஸ்மார்ட் மீட்டர் பற்றி நிறையக் கதைத்தோம். ஒரு விஷயம் சொல்லாமல் விட்டுட்டன். மீட்டர் பிழையைக் காட்டும், கம்பத்தில ஏறாது.

எங்கட கரண்ட் பில்லில ஒரு பெரிய பங்கு கம்பத்துக்கும் கம்பிக்கும்தான் போகுது. ஒரே தெருவில இரண்டு கம்பெனி கம்பம் நட ஏலாது, போட்டி இல்லை. அதனால், எவ்வளவு வசூலிக்கலாம் என்பதை அவுஸ்திரேலிய எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பு ஐந்து வருஷத்துக்கு ஒருக்கா தீர்மானிக்குது.

2015 ஏப்ரலில், நியூ சவுத் வேல்ஸின் ஆஸ்கிரிட், எண்டவர், எசென்ஷியல் மூன்றும் கேட்ட தொகையை அது பெரிதாக வெட்டியது. மற்ற மாநில நெட்வொர்க்குகளோட ஒப்பிட்டு, "உங்கட நடைமுறைச் செலவு அதிகம்" என்றது. நூற்றுக்கணக்கானோரின் வேலை போனது. கம்பெனிகள் மேல்முறையீடு செய்தன. வழக்கு ஃபெடரல் நீதிமன்றம் வரை போய் 2017இல்தான் தீர்ப்பு வந்தது. சில விஷயங்களில் கம்பெனிகளுக்கே வெற்றி. அதற்கு முன்பே ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

வெட்டே கூடாது என்று நான் சொல்லேல்ல. மின் தேவை ஏறிக்கொண்டே போகும் என்று கணக்குப் போட்டு, தேவைக்கு மேல கட்டித் தள்ளினார்கள். பில்லும் ஏறினது. ஆனால் இதைக் கவனியுங்கோ: கட்டி முடித்த சப்ஸ்டேஷன் சொத்துக் கணக்கில ஏறினால், அதற்கான வருமானமும் தேய்மானமும் பல பத்தாண்டுகள் பில்லில வரும். அதை அகற்றுறது மிகவும் கஷ்டம். லேசாக வெட்டக்கூடியது நடைமுறைச் செலவு, அதாவது பெரும்பாலும் சம்பளம். கணக்கைப் பிழையாகப் போட்டது ஒருத்தர், வேலை இழந்தது இன்னொருத்தர்.

எசென்ஷியல் மாநில நிலப்பரப்பில சுமார் 95 சதவீதத்துக்கு மின்சாரம் கொண்டுபோகுது. சின்ன ஊரில ஒரு லைன்மேனின் வேலை போனால், அந்தக் குடும்பமும் ஊரை விட்டுப் போகலாம். புயல் இரவில அவருக்குப் பதிலாக வாறவர் எவ்வளவு தூரத்தில இருந்து வருவார்?

இப்ப நடைமுறையில இருக்கிற தீர்மானம் 2029 வரை. அடுத்ததின் வரைவு வரும்போது பொதுமக்களும் கருத்து எழுதலாம். உங்களில எத்தனையோ பேர் என்ஜினியர்கள், டேட்டா ஆட்கள். எழுதுங்கோ. "பில்லைக் குறையுங்கோ" என்பதோட நிறுத்தாதேங்கோ. எதைக் குறைக்கிறீங்கள், ஆரை அனுப்புறீங்கள் என்றும் கேளுங்கோ.

அடுத்த எபிசோடில சந்திப்பம்.