இரண்டு சாவிகள்

சென்ற மாதம் எங்கள் நகரில் உலக அமைதிக்காகச் சர்வசமயப் பிரார்த்தனைக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. இந்து சமயத்தின் சார்பில் ஒரு பாடல் பாடுமாறு என்னை அழைத்தபோது, உடனே இசைய மனம் துணியவில்லை. பிறர் வழிபாட்டில் சென்று அமர்வது நம் நெறிக்கு இழுக்காகுமோ என்னும் ஐயம் எழுந்தது. அன்பர்கள் பலருக்கும் இவ்வையம் இருக்கக்கூடும்.

1986-ஆம் ஆண்டு அக்டோபர் 27 அன்று, போப் இரண்டாம் ஜான் பால் அழைப்பின் பேரில், இத்தாலியின் அசிசி நகரில் பல சமயத் தலைவர்கள் அமைதி வேண்டிக் கூடினர். முதலில் அவரவர் தனித்தனி இடங்களில் தத்தம் முறைப்படி வழிபட்டனர். பின்னர் ஓரிடத்தில் கூடி, ஒரு சமயத்தார் வேண்டுகையில் ஏனையோர் அமைதி காத்தனர். எவரும் தம் நெறியைக் கைவிடவில்லை. இதனை எண்ணியதும் தயக்கம் நீங்கிற்று.

வங்கியில் பணியாற்றியோர் அறிவர்: பணப் பெட்டக அறையை ஒரு சாவியால் திறக்க இயலாது. இரு அலுவலர் தத்தம் சாவியோடு வர வேண்டும். ஒன்று மற்றொன்றின் நகல் அன்று. ஒரு கிளையில் மூன்றாண்டுகள் ஒரு சாவி என்னிடமும், மற்றொன்று இஸ்லாமிய நண்பர் ஒருவரிடமும் இருந்தன. நாள்தோறும் ஒருவருக்காக மற்றவர் காத்திருப்போம்.

திருநீறு அணிந்தே கூட்டத்திற்குச் சென்றேன். பூசை நிறைவில் நாம் வழக்கமாக ஓதும் கச்சியப்ப சிவாசாரியாரின் கந்தபுராண வாழ்த்தைப் பாடினேன். மழை தவறாது பெய்யவும், அரசு முறை செய்யவும், உயிர்கள் குறைவின்றி வாழவும் வேண்டும் பாடல் அது. நம் ஊர் உயிர்கள், நம் சமயத்து உயிர்கள் என்ற வரையறை அதில் இல்லை. ஐம்பது ஆண்டுகளாகப் பிரசாதத்தின்மேல் கண்வைத்து ஓதிய பாடலின் பொருள் அன்றுதான் நெஞ்சில் தைத்தது.

காரணம், எதிர் வரிசையில் அந்த நண்பர் அமர்ந்திருந்தார். இருவரும் ஓய்வுபெற்று இரண்டு தெரு இடைவெளியில் வசித்தும், ஆறு ஆண்டுகளாக நான் அவர் இல்லம் சென்றதில்லை. பகை ஒன்றுமில்லை, சோம்பல்தான். அவருடைய துணைவியார் மறைந்து ஓராண்டு ஆயிற்று என்பதையும் அன்றே அறிந்தேன். உலகம் நலம்பெறப் பாடிய நாவில், அவருக்கு ஆறுதலாக ஒரு சொல் எழவில்லை.

மறுநாள் காலை கோயிலிலிருந்து நேரே அவர் இல்லம் சென்றேன். "வாங்க சார், சாவி கொண்டு வந்தீங்களா?" என்றார். இருவரும் சிரித்தோம், பின்பு வெகுநேரம் பேசாதிருந்தோம்.

அன்பர்களே! நாளை வாழ்த்து ஓதும்போது, நீங்கள் நெடுநாள் மறந்திருந்த ஒருவரின் முகத்தை நினைந்து ஓதுங்கள். பிறகு அவர் வாயில்வரை சென்று வாருங்கள். நடக்கும் வலிமையைக் கந்தவேள் அருள்வான்.