துளி விட்டுப் புகைக்கும் கருவி

குருவிட்டப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாலிபர் எழுதியுள்ள கடிதம் இவ்வாரம் நம் கவனத்தைக் கவர்ந்தது. சில ஆண்டுகளாகத் தம்மைப் பற்றியிருக்கும் சிகரெட் பழக்கத்தை விட்டொழிக்க விரும்புவதாகவும், அதற்கென இலத்திரனியல் சிகரெட் ஒன்றை வாங்க எண்ணியிருப்பதாகவும், கம்பிச் சுருளின்மீது நேரே திரவத்தைச் சொட்டவிட்டுப் புகைக்கும் வகையே சிறந்தது எனக் கொழும்பிலுள்ள நண்பர் கூறுவதாகவும் அவர் தெரிவிக்கிறார். தொடக்கத்தில் எந்தச் சாமான்களை வாங்குவது உசிதம் என்பதே அவருடைய கேள்வி. கடிதத்தின் ஈற்றில், லயத்து அறையில் தம்முடன் தாயாரும் தமக்கையின் இரு சிறு பிள்ளைகளும் வசிப்பதாக ஒரு வரி காணப்படுகிறது. அவ்வரியையும் மனத்திற்கொண்டே நாம் விடை கூறுகிறோம்.

முதலில் கருவியின் இயல்பைக் காண்போம். இதில் நெருப்பில்லை. பற்றரியின் மின்சாரம் சிறியதொரு கம்பிச் சுருளைச் சூடாக்குகிறது. சுருளையொட்டிய பஞ்சில் ஊறிய திரவம் ஆவியாகிறது. அந்த ஆவியையே புகைப்பவர் உள்ளிழுக்கிறார். புரொப்பிலீன் கிளைக்கோல், கிளிசரின் என்னும் இரு பொருள்களில் வாசனையும், பெரும்பாலும் நிக்கொட்டினும் கலந்ததே அத்திரவம். புகையிலையை எரிக்காமற் புகைக்கும் யோசனை புதியதன்று. அமெரிக்கரான ஹேர்பர்ட் கில்பர்ட் என்பவர் 1963இல் விண்ணப்பித்து 1965இல் இத்தகைய கருவியொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் பரவியுள்ள வகைக்கு வித்திட்டவர் சீன மருந்தாளரான ஹொன் லிக், ஆண்டு 2003.

சாதாரண வகையில் திரவம் ஒரு சிறு தொட்டியிலிருந்து தானாகவே பஞ்சுக்குச் செல்லும். துளிவிடும் வகையிலோ தொட்டி இல்லை. புகைப்பவரே சில துளிகளைச் சுருளின்மீது விட்டு, சில முறை இழுத்து, பஞ்சு உலர்ந்ததும் மீண்டும் துளி விடவேண்டும்.

இவ்வளவு சிரமத்தை ஏன் மேற்கொள்கின்றனர்? அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து உயர்நிலைப் பள்ளிகளில் 2015இல் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. இலத்திரனியல் சிகரெட்டை உபயோகித்திருந்த 1,080 மாணவருள் நூற்றுக்கு 26 பேர் துளிவிட்டும் புகைத்துப் பார்த்திருந்தனர். அடர்ந்த ஆவிக்காக என்றோர் நூற்றுக்கு 64 பேர். சுவைக்காக என்றோர் 39 பேர். தொண்டையில் உறைப்பதற்காக என்றோர் 28 பேர். பழக்கத்தை விடுவதற்கு இம்மூன்றும் எவ்வாறு உதவும் என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

இனி உஷ்ணத்தைப் பற்றிக் கூறுவோம். கேத்தலில் தண்ணீர் உள்ளவரை அதன் அடி அளவுக்குமேற் சூடேறாது. தண்ணீர் வற்றிவிட்டால் அடி கருகும். சுருளின் கதையும் அதுவே. துளி வற்றும்தோறும் சுருள் கொதிப்பேறுகிறது. கிளைக்கோலும் கிளிசரினும் சிதைந்து போமல்டிஹைட் போன்ற நச்சுப்பொருள்களாக மாறுகின்றன. போமல்டிஹைட் புற்றுநோயை விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியுள்ளது. லெபனான் நாட்டின் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், துளிவிடும் முறையிற் சில நிலைகளில் இத்தகைய பொருள்கள் சாதாரண சிகரெட்டிலும் அதிகமாக வெளிப்பட்டன.

அடுத்தது, நண்பர் கேட்ட சாமான்கள். பற்றரிப் பெட்டி, சுருளைத் தாங்கும் தலைப்பகுதி, கம்பி, பஞ்சு, திரவம் ஆகியனவே அவை. இவற்றுள் பற்றரியே பெரும் அபாயத்திற்கு இடமானது. பெரும்பாலும் உபயோகிக்கப்படுவது 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உள்ள லித்தியம் பற்றரி. முழுதாய் மின்னேற்றியபோது அது 4.2 வோல்ட் அழுத்தம் தரும். சுருளின் தடை 1 ஓம் ஆனால் ஓடும் மின்னோட்டம் 4.2 அம்பியர், வலு ஏறக்குறைய 18 வாட். அடர்ந்த ஆவியை விரும்பித் தடையை 0.2 ஓமாகக் குறைத்தால் மின்னோட்டம் 21 அம்பியர். வலு 88 வாட். இவ்வகைப் பற்றரிகளுட் பல அவ்வளவு மின்னோட்டத்தைத் தொடர்ந்து தாங்க வல்லன அல்ல. பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய பற்றரியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று உள்ள பெட்டிகளும் உண்டு. அஃது இல்லாத வெறுங்குழாய்களும் உண்டு. பின்னவற்றில் சுருளைச் சிறிது பிழையாகச் சுற்றினாலும் தடுப்பார் எவருமில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் 2018இலும் டெக்சாஸில் 2019இலும் இத்தகைய கருவிகள் வெடித்து இருவர் உயிரிழந்தனர். தடையளக்கும் கருவியும் மின்னியல் அறிவும் வேண்டும் இவ்வேலை, தொடங்குவோர்க்கு உரியதன்று.

கல்லின் ஒளியைக் கண்டு மயங்காமல் உள்ளே கீறல் உண்டா என்று பார்த்து வாங்குவது இரத்தினபுரி மாவட்டத்தார் வழக்கம். இவ்விடத்தும் அவ்வழக்கத்தைக் கைக்கொள்வதே நன்று.

பிள்ளைகளின் விஷயத்துக்கு வருவோம். சிகரெட்டின் நிக்கொட்டின் புகையிலையில் அடங்கிக் கிடக்கும். இங்கோ அது பழவாசனையுடன் ஒரு சிறு போத்தலில் இருக்கும். துளிவிடுவோர்க்கு அப்போத்தல் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். நியூயோர்க் மாநிலத்தில் 2014இல் ஒரு வயதுக் குழந்தை இவ்வாறான திரவத்தை உட்கொண்டு மாண்டது. பிள்ளைகள் திறக்கமுடியாத மூடி கட்டாயம் என அந்நாட்டில் 2016இல் சட்டமியற்றினர். ஓரறை லயத்தில், நடை பயிலும் பிள்ளைக்கு எட்டாத உயரம் எங்கே இருக்கிறது? திரவம் தோலிற் பட்டாலும் நிக்கொட்டின் உடலிற் சேரும் என்பதையும் தாய்மார் அறிந்திருத்தல் நன்று.

சட்டத்தையும் நோக்கவேண்டும். நம் நாட்டில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோர்க்குப் புகையிலைப் பொருள்களை விற்பதைத் தடுக்கிறது. அச்சட்டத்தின்கீழ் 2016இல் வெளியான ஒழுங்குவிதிகள், புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டுகளைத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் விற்பதையும் தடைசெய்தன. இந்தியா 2019இல் இலத்திரனியல் சிகரெட் வியாபாரம் முழுவதையுமே தடுத்தது. மறைவாகக் கைமாறும் போத்தலில் உள்ளது என்னவென்று உறுதி கூற எவரும் இல்லை.

‘இக்கருவியால் பழக்கத்தை விட்டவர்கள் இல்லையா?’ என நண்பர் கேட்கலாம். உண்டு, அதை நாம் மறைக்கப்போவதில்லை. இங்கிலாந்தில் 886 பேரைக் கொண்டு நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், கருவியை உபயோகித்தோருள் நூற்றுக்கு 18 பேர் ஓராண்டின் பின் சிகரெட்டைத் தொடாதிருந்தனர். நிக்கொட்டின் ஒட்டுத்துண்டு, மெல்லும் பசை முதலியவற்றை உபயோகித்தோருள் இத்தொகை 10 பேர். ஆயினும், அங்கு கொடுக்கப்பட்டது துளிவிடும் கருவியன்று. தொட்டியுள்ள சாதாரண வகை. வாரந்தோறும் ஆலோசகர் துணையும் இருந்தது. மேலும், கருவியால் விட்டோருள் நூற்றுக்கு 80 பேர் ஓராண்டின் பின்னும் கருவியை விடவில்லை. நோய்க்குக் கொண்ட மருந்தே பழக்கமாகி நின்றது.

ஆகவே, எந்தச் சாமானை வாங்குவது என்ற கேள்விக்கு நமது விடை: எதனையும் வாங்கவேண்டாம். சம்பள நாளல்லாத ஒரு நாளைக் குறித்துக்கொண்டு அன்றே நிறுத்துக. முதல் மூன்று நாள்கள் கடினமானவை. எரிச்சலும் உறக்கமின்மையும் வரும். மூன்று நான்கு வாரங்களில் அவை பெரிதும் தணியும். ஆசை எழும்போது அது சில நிமிடங்களே நிற்கும். ஒரு கோப்பை தேத்தண்ணீரோ சிறு நடையோ அந்நேரத்தைக் கடத்திவிடும். தனியே இயலாவிடின் அரசாங்க வைத்தியசாலை வைத்தியரிடம் ஒளிக்காமற் கூறி ஆலோசனை பெறுக.

வீட்டிலுள்ளோரும் துணைநிற்கவேண்டும். வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லும் பெரியவர்கள் மெல்லுவதும் அதே நிக்கொட்டினைத்தான். புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே என மேற்கூறிய முகவரகம் அறிவித்துள்ளது. மகன் சிகரெட்டை விடும் நாளில் தாயாரும் புகையிலைத் துண்டை விலக்கிவைப்பாரேல், இருவருக்கும் அது வலிமை தரும். கருவிக்கென ஒதுக்கிய பணமும் பிள்ளைகளின் பாலுக்கும் புத்தகத்துக்கும் மிஞ்சும்.